மாப்பிள்ளை பேசிய கேசட்

டி.வி. பெட்டிக்கு அம்மா சாமந்திச் சரம் சுற்றியிருந்தாள். சரம் திரையை மறைத்ததால், கேசட் ஓட்டுகிற டெக்கை வாடகைக்குக் கொண்டு வந்த சாலமோன் அதை மெல்ல மேலே ஒதுக்கி வைத்தார்.

புதன்கிழமை காலை. ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பின்கட்டில் தறிகளை நிறுத்தியிருந்தோம். எங்கள் வீட்டில் பகலில் அப்படி ஒரு அமைதி இழவு விழுந்த அன்றைக்குத்தான் இருக்கும். கூடத்தில் பாய் விரித்து அம்மா, அக்கா, தங்கை கோமளா, என் மனைவி, நான் என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சுவரோரம் நாற்காலியில் நாகப்ப மாமா. அம்மாவின் தம்பி. கோமளாவுக்கு இந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்தவர் அவர்தான்.

மாமாவின் மடியில் ஒரு வீடியோ கேசட் இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்தது. மாப்பிள்ளை அதற்குள் இருந்தார்.

அம்மா கேசட்டை வாங்கிச் சாமி படத்துக்கு முன் வைத்துக் கற்பூரம் காட்டினாள். நடுவில் குங்குமம் வைக்கப் போனாள்.

"அம்மா, தூள் உள்ள போச்சுனா ஹெட்டு அடச்சிக்கும். ஓரமா வெய்ங்க" என்றார் சாலமோன்.

"போனா போவட்டும்பா. முருகன் குங்குமம்."

"அது முருகன் குங்குமம்னு டெக்குக்குத் தெரியாதும்மா."

அம்மா சிரித்துக்கொண்டே ஓரத்தில் வைத்தாள். சாலமோன் கேசட்டை உள்ளே தள்ளினார்.

முதலில் சாம்பல் நிறம். பிறகு கோடு கோடாக ஏதோ ஒன்று கீழிருந்து மேலே ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் கறுப்புப் பட்டை ஒன்று. பட்டைக்கு மேலே இரண்டு கால்கள், கீழே ஒரு தலை. கலர்க் கேசட் என்றார்கள், நிறமே இல்லை. தலை கிழிந்து கிழிந்து சேர்ந்தது. பின்னால் சுவரும் ஜன்னலும் சேர்ந்து ஓடின.

அப்புறம் குரல் வந்தது.

தடித்த குரல். ஒவ்வொரு சொல்லும் இழுபட்டு, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து வந்தது. "வ...ணக்...கம்" என்பது வாயிலிருந்து வந்த மாதிரி இல்லை, வயிற்றிலிருந்து வந்த மாதிரி இருந்தது. இன்னும் இரண்டு மூன்று வாக்கியம் அப்படியே குழறிக்கொண்டு போனது.

அக்கா எழுந்தாள். நேரே பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

அம்மா கையிலிருந்த கற்பூரத் தட்டைக் கீழே வைத்தாள். "குடிச்சிருக்கான்" என்றாள்.

அக்காவின் காது

அக்கா ஏன் எழுந்து போனாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அக்காவை அம்மையார்குப்பத்தில் கொடுத்திருந்தோம். அவள் புருஷனை நாங்கள் பாவா என்போம், நல்ல நெசவுக்காரர். தறியில் உட்கார்ந்தால் அவர் கைக்கு ஈடு கிடையாது. விளக்கு வைக்கிற நேரம் வந்தால் கால் சாராயக் கடைப் பக்கம் போய்விடும். திரும்பி வரும்போது நாக்கு தடித்திருக்கும்.

கல்யாணத்துக்கு முன் எங்களுக்கு இது தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று பாவா ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் அடக்கமானவன் என்று நைனாவே சந்தோஷப்பட்டார். நைனா என்றால் எங்கள் அப்பா. கேசட் வந்தபோது அவர் இல்லை, காலமாகிவிட்டார்.

அந்த வீட்டில் இருந்த வருஷங்களில் அக்கா ஒன்று கற்றுக்கொண்டாள். வாசலில் நின்று பாவா "ராஜீ" என்று கூப்பிடுகிற குரலை வைத்தே, இன்றைக்கு அடி உண்டா, வெறும் வசவோடு போகுமா, நேராகத் தூங்கிவிடுவாரா என்று கணக்குப் போட்டுவிடுவாள். கணக்கு தப்பாது. கடைசியில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

அதனால்தான் எங்கள் வீட்டில் அவள் காதுக்கு மேல் சாட்சி கிடையாது.

போட்டோ போதாது

இந்த மாப்பிள்ளை பாஸ்கரன், பள்ளிப்பட்டுக்காரர். நம்மவர்கள்தான், நெசவுக் குடும்பம். எப்படியோ படித்து, பம்பாயில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, கம்பெனி அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தது. கல்யாணத்துக்கு மட்டும்தான் லீவு கிடைக்கும், பெண் பார்க்க ஒரு தடவை, தாலி கட்ட ஒரு தடவை என்று இரண்டு முறை வர முடியாது என்றார்கள்.

போட்டோ வந்தது. எல்லோருக்கும் பிடித்தது. கோமளா மட்டும் ஒரு பேச்சு பேசினாள்.

"போட்டோல எல்லாரும் நல்லாத்தான் கீறாங்க மாமா. பாவா போட்டோவும் நல்லாத்தான் இருந்துச்சு. இவரு பேசறத நான் கேக்கணும்."

"அமெரிக்காவுல இருந்து கத்தினா உனுக்குக் கேக்குமா?"

"அதுக்கு வழி அவரு பண்ணட்டும். படிச்சவருதானே."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் பள்ளிப்பட்டில் போய்ச் சொன்னார். அவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தோம். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. தான் பேசுவதை வீடியோ எடுக்கச் சொல்லி, ஊருக்கு வந்த சிநேகிதர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். பெண் கேட்டதும் அனுப்பினாரே என்று அம்மாவுக்கே ஒரு மரியாதை வந்திருந்தது.

அந்த மரியாதைதான் புதன்கிழமை காலையில் கற்பூரத் தட்டோடு கீழே இறங்கியது.

"அங்க குளிரு ஜாஸ்திக்கா, அதான் வாய் இப்பிடி..." என்று மாமா ஆரம்பித்தார்.

"குளுருக்கு வாய் நடுங்கும்டா நாகா. குழறுமா?" என்றாள் அம்மா.

சாலமோன் டெக்கின் முன்னால் இருந்த திருகை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மூடியைக் கழற்றி, வெள்ளைத் துணியில் ஏதோ தொட்டுத் துடைத்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு சினிமாக் கேசட்டை எடுத்துப் போட்டார். அது அழகாக ஓடியது. கதாநாயகி மரத்தைச் சுற்றிக்கொண்டு பாடினாள்.

"டெக்கு நல்லாத்தான் கீது" என்றார் சாலமோன், தப்புச் செய்தவர் போல.

"பாத்தியா? டெக்குல கோளாறு இல்ல" என்றாள் அம்மா. "அப்ப ஆளுலதான் கோளாறு."

சாலமோன் சினிமாக் கேசட்டை வெளியே எடுத்தார்.

ஒல்லி ராஜா

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். படம் என்பது சதி செய்யும் என்று எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் ஊர்ப் பக்கம் டூரிங் கொட்டகையில் முதன்முதலாக ஒரு சினிமாஸ்கோப் படம் போட்டார்கள். ராஜா கதை. வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். படம் ஆரம்பித்தால் ராஜா முருங்கைக்காய் மாதிரி இருக்கிறார். மந்திரி அவரை விட ஒல்லி. குதிரைகள் எல்லாம் ஒட்டகமாக நிற்கின்றன.

"அரமணையில சோறே போடறதில்லியா?" என்று யாரோ தரை டிக்கெட்டிலிருந்து கேட்டார்கள்.

அகலப் படத்தை நெருக்கித்தான் பிலிமில் அடைத்திருப்பார்களாம். அதை விரித்துக் காட்ட மிஷினில் இன்னொரு கண்ணாடி மாட்ட வேண்டுமாம். ஆபரேட்டர் மறந்துவிட்டார். ஞாபகம் வந்து மாட்டினதும் ராஜா சதை பிடித்தார். ஆனால் திரை பழைய குறுகின திரைதான். படம் இரண்டு பக்கமும் வழிந்து கூடாரத் துணியில் விழுந்தது. வில்லன் வந்த போதெல்லாம் பெண்கள் பக்கத்துத் துணியில்தான் நின்றான். அங்கிருந்தே வசனம் பேசினான்.

ராஜாவுக்கு உடம்பு சரியில்லை என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. மிஷினில்தான் ஏதோ என்று சிரித்தோம். மாப்பிள்ளை விஷயத்தில் அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை. நம் வீட்டுப் பெண் என்றால் புத்தி அந்தப் பக்கம் போவதில்லை.

பூ வந்த விதம்

தை பிறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளிப்பட்டில் சொல்லியிருந்தார்கள். சோளிங்கரில் இன்னொரு பெண்ணின் ஜாதகமும் மாப்பிள்ளைக்குப் பொருந்தியிருந்ததாம். மார்கழி பாதி ஓடிவிட்டது.

எங்கள் வீட்டில் முடிவு தெரியாத விஷயம் எதுவானாலும் திருத்தணி மலைக்குப் போய்ப் பூக் கட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சந்நிதியில் வைத்துவிட்டு, அங்கே வந்திருக்கிற ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. தறி வாங்கினது, நைனாவுக்கு ஆபரேஷன் செய்தது, எல்லாம் அப்படித்தான்.

அம்மா விரதமிருந்து படியேறினாள். கூட நானும் போனேன். சிவப்பு வரும், விஷயம் முடிந்துவிடும் என்றுதான் அம்மாவும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

வெள்ளை வந்தது.

அம்மா கொஞ்ச நேரம் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும், "முருகன் சரின்னுட்டான். இனிமே நாம யாரு" என்றாள்.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். "நான் கேட்டேன்மா அந்தக் கொரல. எனக்குத் தெரியும்."

"சாமிக்குத் தெரியாதா?"

அக்கா வாயை மூடிக்கொண்டாள். கோமளா மூடவில்லை.

"முருகன் ஒத்துக்கினாரு. நான் இன்னும் ஒத்துக்கல" என்றாள்.

"சாமி வார்த்தைக்கு மேல பேசாதடி."

"மேல பேசல. பக்கத்துல நின்னு பேசறேன்." அப்புறம் என்னைப் பார்த்தாள். "அண்ணா, ஒண்ணு கேக்கறேன். ஒரு ஆளு குடிச்சா அவருதான ஆடணும்? பின்னாடி கீற செவுரு ஏன் ஆடுது?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சுவரை நானும்தான் பார்த்திருந்தேன். கண்ணால் பார்த்தேனே தவிர யோசிக்கவில்லை. ஜன்னலும் சுவரும் சேர்ந்துதான் ஓடின. அமெரிக்காவில் ஜன்னலுக்குமா கள் ஊற்றுவார்கள்?

சாமி சொன்னதை நான் சந்தேகப்படவில்லை. இன்றைக்கும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் உத்தரவு கிடைத்தபின் செய்ய வேண்டிய வேலை நம்முடையது. தறி வாங்க உத்தரவு வந்தது என்பதற்காக, நைனா தறியைத் தட்டிப் பார்க்காமலா வாங்கினார்?

ஊர் சொன்ன காரணம்

கேசட்டை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று பேரிடம் போனேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர், விமானத்தில் வரும்போது மேலே இருக்கிற குளிரில் நாடா சுருங்கிவிடும் என்றார். மாமாவுக்குத் தெரிந்த ஒருவர், விமான நிலையச் சுங்கச் சோதனையில் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள், அதில் பாதி அழிந்திருக்கும் என்றார். அம்மாவின் குங்குமம்தான் என்று என் மனைவிக்கு ஒரு சந்தேகம். அதை அவள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

சாலமோன்தான் கடைசியில், "எனக்குத் தெரியலண்ணா. ஆனா இதுவரைக்கும் நான் ஓட்டினது எல்லாம் துபாய், சிங்கப்பூர் கேசட்டு. அமெரிக்கா கேசட்டு இதான் மொத தடவ. மெட்ராஸ்ல பெரிய கடைங்கள்ல கேட்டுப் பாருங்க" என்றார்.

தெரியாது என்று சொல்கிறவன் சொன்ன வழிதான் எனக்குச் சரியாகப் பட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை அரக்கோணம் போய் மெட்ராஸ் வண்டியைப் பிடித்தோம். நான், கோமளா, அக்கா. அக்கா வரமாட்டேன் என்றாள். கோமளா விடவில்லை.

"நீ வரணும்க்கா. நான் கேட்டா எனக்குப் பிடிச்சா மாதிரி கேக்கும். நீ கேட்டாதான் கேட்டா மாதிரி."

வண்டியில் கேசட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் அக்கா. ஜன்னலோரம் வெயில் பட்டபோதெல்லாம் இந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள். வேண்டாம் என்று சொன்னவளும் அவள்தான்.

அங்கே ஊடை குறைவு

மவுண்ட் ரோடு பக்கத்துச் சந்து ஒன்றில் வெளிநாட்டு டி.வி., டெக் எல்லாம் விற்கிற கடைகள் இருந்தன. முதல் இரண்டு கடையில் எங்களைப் பார்த்தே "இல்லீங்க" என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் கேசட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க எடுத்தது?"

"அமெரிக்காவுல."

"அதான். இது உங்கூரு டெக்குல ஓடாதே. ஓட்டிப் பாத்தீங்களா?"

"ஓட்டினோம்."

"என்னா வந்துச்சு?"

"மாப்ள வந்தாரு. தலைகீழா" என்றாள் கோமளா.

கடைக்காரர் சிரித்துவிட்டார். அதன் பிறகு எங்களை உட்கார வைத்து, விசாரித்து, விஷயம் தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர். வியாபாரம் சூடு பிடிக்காத காலை நேரம்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். படித்தவர்கள் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

டி.வி. படம் என்பது முழுசாக ஒரே சமயத்தில் வருவதில்லையாம். கோடு கோடாக, மேலிருந்து கீழே இழுத்து நிரப்புகிறார்களாம். நம் நாட்டு முறையில் ஒரு படத்துக்கு அறுநூற்று இருபத்தைந்து கோடு. அமெரிக்க முறையில் ஐந்நூற்று இருபத்தைந்துதான். கோடு குறைவு, ஆனால் படம் வேகமாக மாறும். நிறம் சேர்க்கிற முறையும் வேறு. நம்முடையதற்குப் 'பால்' என்று பெயர், குடிக்கிற பால் இல்லை. அவர்களுடையதற்கு 'என்.டி.எஸ்.சி.'

"துணி மாதிரிங்களா?" என்று கேட்டேன். "ஊடை ஓடுதே, குறுக்க. ஒவ்வொரு கோடும் ஒரு ஊடை. அங்க ஊடை கம்மி, தறி ஓட்டம் ஜாஸ்தி."

அவருக்கு ஊடை என்றால் தெரியவில்லை. குறுக்கே ஓடுகிற நூல் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்து, "அப்பிடி வெச்சிக்கலாம்" என்றார்.

எனக்கு அது போதும். வேறு அளவில் நெய்ததை நம் அளவுத் தறியில் ஏற்றினால் எப்படி நிற்கும்? எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று தெரியாமல் டி.வி. தேடிக்கொண்டே இருக்கும். அதுதான் அந்த ஓட்டம். தலை கீழே, கால் மேலே.

"கொரலு?" என்று அக்கா கேட்டாள். "படம் ஓடுது, சரி. கொரலு ஏன் அப்பிடி?"

"நாடா அங்க வேகமா ஓடும்மா. உங்கூரு டெக்கு அத மெதுவா இழுத்திருக்கும். பாட்டுப் பெட்டில கரண்டு கொறைஞ்சா பாட்டு எப்பிடி வரும்? அப்பிடி."

அக்கா கையிலிருந்த துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

பிற்பாடு டி.வி.டி. என்று வட்டத் தட்டில் படம் வந்த காலத்திலும் உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இந்த இரண்டு பெயரில் ஒன்று அச்சிட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை. நான் இன்றைக்கும் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

செவுரு நின்றது

எல்லா ஊர் கேசட்டும் ஓடுகிற டெக் ஒன்று கடைக்காரரிடம் இருந்தது. முன்னால் ஒரு சின்ன விசை. அதைத் தள்ளிவிட்டு, அதற்கேற்ற டி.வி.யோடு இணைத்துக் கேசட்டைப் போட்டார்.

முதலில் சுவர்தான் வந்தது. வெளிர்ப் பச்சை. அசையாமல் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஏதோ வெள்ளையாக இருந்தது, பனி என்றார் கடைக்காரர். அப்புறம் நீலக் கம்பளிச் சட்டை போட்ட ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தலை மேலே இருந்தது, கால் கீழே இருந்தது.

"வணக்கம்" என்றார். சின்னக் குரல். சட்டென்று வந்த குரல்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் படத்தைப் பார்த்தோம். அவள் காதால் பார்த்தாள்.

"நீங்க கே... கே... கேட்டீங்கன்னு வீட்ல சொன்னாங்க" என்றார் மாப்பிள்ளை. அங்கே நின்றார். கழுத்து நரம்பு தெரிந்தது. மூச்சு வாங்கி மறுபடி ஆரம்பித்தார். "கேட்டது நல்லது. எனக்குத் தி... தி... திக்குவாய். இத ஊர்ல யாரும் உங்களுக்குச் சொ... சொல்லிருக்க மாட்டாங்க."

கோமளா என்னைப் பார்த்தாள். மாமா சொல்லவில்லை. பள்ளிப்பட்டிலும் யாரும் சொல்லவில்லை.

"இத எடுக்கற சி... சிநேகிதன், நல்லா பேசற வரைக்கும் திரும்பத் திரும்ப எடுக்கலாம்னான். நான் வே... வேணான்னேன். தெனமும் இப்பிடித்தான் பேசுவேன். அதனால இதான் ச... சரி." கொஞ்சம் சிரித்தார். "எதுனா கேக்கணும்னா கேளுங்க. ப... பதில் வரும். கொஞ்சம் லே... லேட்டா வரும்."

கடைக்காரர் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அதன் பிறகு மாப்பிள்ளை எழுந்து போய் அடுப்பைக் காட்டினார். தானே ரசம் வைப்பாராம். மோசமாக இருக்குமாம். படிக்கிற மேஜையைக் காட்டினார். சுவரில் நம் திருத்தணி முருகன் படம் ஒன்று, தீபாவளிக் காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டியது. கேசட் முடிந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். கோமளாவும் அக்காவைத்தான் பார்த்தாள்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "குடி இல்ல" என்றாள். "குடிக்கற கொரலு சொல்லு மேல சாயும். இது சொல்லத் தூக்கிட்டு நிக்குது. தெளிஞ்ச கொரலு." கோமளாவைப் பார்த்து, "தப்பாக் கேட்டுட்டேன்டி" என்றாள்.

"நீ சரியாத்தான்க்கா கேட்ட. டெக்குதான் தப்பாச் சொல்லிச்சு" என்றாள் கோமளா.

"திக்குவாய்டி கோமு" என்றேன் நான். "மாமா மறைச்சிட்டாரு. நெனச்சுப் பாத்துச் சொல்லு. ஒண்ணும் அவசரமில்ல."

"மாமா மறைச்சாரு. அவரு மறைக்கலயே" என்றாள். "பாவா பொண்ணு பாக்க வந்தப்ப வாயத் தொறக்கல. இவரு தொறக்க முடியாம தொறந்து, அத அப்பிடியே அனுப்பிச்சிருக்காரு." பிறகு கடைக்காரரைப் பார்த்து, "அண்ணே, எங்கம்மா பாக்கணும். எங்கூரு டெக்குல ஓடறா மாதிரி பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டாள்.

முறையாக மாற்றுகிற மிஷின் பெரிய இடங்களில்தான் இருக்கும் என்றார் அவர். ஏழைக்கேற்ற வழி ஒன்று உண்டாம். டி.வி.யில் இதை ஓடவிட்டு, எதிரே நம் ஊர்க் கேமராவை நிறுத்தி, திரையைப் படம் பிடித்துவிடுவது. "மங்கலா இருக்கும். சிமிட்டும். கொரலு மட்டும் ஒயர் போட்டு எடுத்துடறேன், நல்லா இருக்கும்."

"கொரலு போதும்" என்றாள் கோமளா.

அம்மா கேட்டது

மறுபடியும் சாலமோன் வந்தார், டி.வி. வந்தது, பாய் விரித்தோம். இந்தத் தடவை மாமாவை அம்மாவே ஆள் விட்டு வரவழைத்தாள்.

படம் கடைக்காரர் சொன்ன மாதிரியே மங்கலாகத்தான் இருந்தது. பச்சைச் சுவர் சாணி மெழுகின சுவராகத் தெரிந்தது. முகம் நிலாவில் பார்க்கிற முகம். சிமிட்டிக்கொண்டே இருந்தது. குரல் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருவது போலத் தெளிவு.

அம்மா முழுதும் கேட்டாள். முடிந்ததும் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனுக்குத் தெரியுமாடா நாகா?"

"தெரியும்க்கா. சொன்னா நீ வேணான்னுருவ."

"ஆங், வேணான்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் அம்மா. மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவும் கொஞ்ச நேரம் குனிந்துதான் இருந்தாள். அப்புறம் கோமளாவிடம், "உனுக்கு இஷ்டமாடி?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் ஒரு பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு அன்றுதான் நான் பார்த்தேன்.

"இஷ்டம்மா" என்றாள் அவள்.

வைகாசியில் முகூர்த்தம் வைத்தோம். மலையடிவாரத்துச் சத்திரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை நாலு நாள் முன்னால்தான் ஊர் வந்து சேர்ந்தார். பள்ளிப்பட்டுக் கூட்டம் ஒரு பக்கம், எங்கள் கூட்டம் ஒரு பக்கம். வெக்கையில் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். விஷயம் அதற்குள் ஊர் பூராவும் தெரியும். பின் வரிசையில் சிலர் அதற்காகவே மேளத்தை விட்டுக் காதைத் தீட்டி வைத்திருந்தார்கள்.

சங்கல்பத்தில் ஐயர் மாப்பிள்ளையைப் பேரும் நட்சத்திரமும் சொல்லச் சொன்னார்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். முதல் எழுத்து வந்து, அங்கேயே நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. மேளக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். பள்ளிப்பட்டுப் பக்கம் அவருடைய அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நாகப்ப மாமா இருப்புக் கொள்ளாமல் முன்னால் குனிந்து, தானே பேரைச் சொல்லப் போனார்.

தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த கோமளா, நிமிராமலே சொன்னாள்.

"இருங்க மாமா. அவரு சொல்லுவாரு."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பின் வரிசை வரைக்கும் கேட்டது. மாமா பின்னால் நகர்ந்தார். ஐயர் அட்சதைத் தட்டைப் பிடித்தபடி பொறுத்திருந்தார். நாங்கள் அத்தனை பேரும் பொறுத்திருந்தோம்.

மாப்பிள்ளை ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் தன் பேரைச் சொன்னார். அடுத்து நட்சத்திரத்தையும் சொன்னார்.